பூட்டிவிட்டு வந்த சைக்கிள்

எண்பத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம். டென்மார்க்கின் மேற்குப் பக்கத்தில் இருக்கும் ஹொல்ஸ்டெப்ரோவில் நாங்கள் குடியிருந்த காலம். என் கணவர் எனக்கு ஒரு வருடம் முன்பே வந்துவிட்டவர். நான் வந்து ஒரு குளிர்காலம்தான் முடிந்திருந்தது.

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவள் நான். ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலை செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. டென்மார்க் வந்து வெள்ளைக் கோட்டு என்னவோ கிடைத்தது, ஆனால் அது இறைச்சித் தொழிற்சாலையில். கூடவே ரப்பர் சப்பாத்தும் விறைத்துப்போன விரல்களும் கிடைத்தன.

அதிலிருந்து வெளியே வர ஒரு வழி இருந்தது. ஹொல்ஸ்டெப்ரோவிலேயே இரண்டு வருடப் படிப்பு ஒன்று நடந்தது. அதை முடித்தால் ஆய்வுகூடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். டேனிஷ் எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. ஆங்கிலமும் வேண்டும் என்றார்கள். என் சான்றிதழ்கள் ஊரிலேயே நின்றுவிட்டதால் வாய்மொழிச் சோதனை ஒன்று வைப்பதாகச் சொன்னார்கள். தேறினால் ஆகஸ்டில் இடம். தேறாவிட்டால் இன்னொரு வருடம் இறைச்சியோடுதான் சீவியம்.

என் கணவர் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் லிகிதராக இருந்தவர். ஆங்கில இலக்கணம் என்றால் அவருக்கு உயிர். சாப்பாட்டுக்கு உப்பில்லை என்றால் பேசாமல் சாப்பிடுவார். நான் ஆங்கிலத்தில் காலம் மாற்றிச் சொன்னால் கையில் எடுத்த சோற்றுப் பிடியைத் தட்டில் வைத்துவிடுவார். சோதனைக்கு என்னென்ன கேட்பார்கள் என்று அவரே முடிவு செய்தார். காலநிலை, குடும்பம், உணவு, சைக்கிள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை எழுதி என் கையில் தந்தார்.

"டேனிஷ்காரர் சைக்கிள் இல்லாமல் மூச்சும் விடமாட்டினம். சைக்கிள் கட்டாயம் வரும். பாடமாக்கும்."

"நான் ஊரிலை சைக்கிள் ஓடித் திரிஞ்சனான். எனக்குத் தெரியாததே?"

"ஓடத் தெரிஞ்சால் போதாதப்பா. பிழையில்லாமல் சொல்ல வேணும்."

அவரோடு வாதாடி வென்றவர் கிடையாது. பாடமாக்கினேன். சைக்கிள் எளிமையான வாகனம், அதற்கு இரண்டு சில்லுகள் உண்டு, அது புகை கக்குவதில்லை, உடலுக்கு நல்லது. வெங்காயம் வெட்டும்போதும் சொன்னேன், பஸ்ஸில் போகும்போதும் முணுமுணுத்தேன். பக்கத்து இருக்கைக் கிழவி ஒருத்தி நான் செபம் சொல்கிறேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

சோதனை அன்று அவரும் லீவு எடுத்துக்கொண்டு வந்தார். அறைக்கு வெளியே நீண்ட மர வாங்கில் இருந்தார். நான் உள்ளே போனேன். மேசையில் பச்சைத் துணி விரித்திருந்தது. அந்த நாட்டில் வாய்மொழிச் சோதனை என்றால் பச்சைத் துணிதான். ஒரு பக்கம் ஆசிரியை, தலைமயிரைக் கட்டையாக வெட்டியவர். மறுபக்கம் வேறு ஊரிலிருந்து வந்த பரீட்சகர், மிக உயரமான வயதான மனிதர். ஆசிரியை நியாயமாகப் புள்ளி போடுகிறாரா என்று பார்ப்பதற்காக இப்படி வெளியாள் ஒருவர் இருப்பார்.

அட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். எடுத்துத் திருப்பினேன். சைக்கிள்! மனதுக்குள் கணவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

உடனே எழுந்து நின்றேன். எங்கள் பள்ளிக்கூடங்களில் கேள்விக்கு இருந்தபடி விடை சொல்லும் பழக்கம் ஏது? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி தொடங்கினேன். பெண்பிள்ளை நிற்க, தான் இருப்பது மரியாதையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அந்த உயரமான மனிதரும் எழுந்துவிட்டார். ஆசிரியை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தானும் எழுந்தார். பச்சை மேசையைச் சுற்றி மூன்று பேரும் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல நிற்க, நான் இரண்டு சில்லுகளையும் புகையையும் மூச்சு விடாமல் ஒப்புவித்து முடித்தேன்.

ஆசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு கையைக் காட்ட, எல்லாரும் மறுபடி கதிரைகளில் இருந்தோம். ஒரு பிழையும் இல்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் இது எழுதிய கட்டுரை, எனக்கு உங்களோடு பேசத்தான் விருப்பம் என்றும் சொன்னார். என் பெருமை அப்படியே வடிந்துவிட்டது. இப்படித் திரும்பிக் கேட்பார்கள் என்று கணவர் சொல்லித் தரவேயில்லை.

உங்களிடம் சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டார். அவசரத்தில் ஓம் என்று தமிழில் சொல்லி, பிறகு 'யெஸ்' என்றேன்.

"வெயர் இஸ் இட் நவ்?"

சின்னப் பிள்ளையும் விடை சொல்லக்கூடிய கேள்வி. கீழே முற்றத்தில் நிற்கிறது என்று பொய்க்குச் சொன்னாலும் முடிந்தது. அதைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார். எனக்கு வாய் வரவில்லை. என்னுடைய சைக்கிள் என்றதும் என் மனதில் வந்தது ஒன்றே ஒன்றுதான். அது இப்போது எங்கே என்று எனக்குத் தெரியாது.

சோதனை போய்விட்டது, இறைச்சித் தொழிற்சாலைதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த உயரமான மனிதர் தண்ணீர்க் கிளாஸை என் பக்கம் மெல்லத் தள்ளினார். அவசரப்படுத்தவில்லை, மணிக்கூட்டையும் பார்க்கவில்லை. நான் கைப்பையைத் திறந்து வீட்டுப் பூட்டுகளின் திறப்புக் கொத்தை எடுத்துப் பச்சைத் துணியில் வைத்தேன். அதில் துருப்பிடித்த சின்னத் திறப்பு ஒன்று இருந்தது.

பிறகு பேசினேன். எப்படிப் பேசினேன் என்று கேட்காதீர்கள். இறந்தகாலம், நிகழ்காலம் எல்லாம் ஒன்றோடொன்று மோதின. யாழ்ப்பாணம் டவுனில் டியூட்டரி என்ற தனியார் வகுப்புக் கட்டடத்துக்கு முன்னால் வேப்பமரத்தின் கீழ் சைக்கிளைப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன். நடுவில் வெடிச்சத்தம் கேட்டது. படிப்பித்த சேர் எங்களைப் பின்மதிலால் ஏறிக் குதிக்கச் சொன்னார். ஓடினோம். அதன் பிறகு அந்தத் தெருவுக்கு ஒருவரையும் போக விடவில்லை. சில வாரத்தில் நான் கொழும்புக்கு வந்து விமானம் ஏறிவிட்டேன். சைக்கிள் நிற்கிறது, திறப்பு இங்கே இருக்கிறது. இவ்வளவுதான் சொன்னேன். சொல்லத் தெரியாத இடத்தில் மதில் ஏறுவதைக் கையால் காட்டினேன்.

ஆசிரியை கண்ணைத் துடைத்தார். பெரியவர் மட்டும் ஐயோ பாவம் என்று எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தத் திறப்பைப் பார்த்துவிட்டு, அந்தச் சைக்கிளுக்குக் கை பிரேக்கா, கால் பிரேக்கா என்று அக்கறையாகக் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவருக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவள். அழ இருந்தவள் சிரித்துவிட்டேன். கை பிரேக்தான் என்றேன். இங்கே வந்த புதிதில் இரவல் சைக்கிளில் போனேன், எங்கள் ஊர் வழக்கப்படி சும்மா பெடலைப் பின்னுக்குச் சுற்றினேன், உங்கள் நாட்டுச் சைக்கிள் அதையே பிரேக் என்று எடுத்து அந்த இடத்திலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் நிற்காமல் பூப்பாத்திக்குள் போய் விழுந்தேன் என்றேன். அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். நேரம் முடிந்ததே தெரியவில்லை.

முடிவு எடுக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். கணவர் பாய்ந்து வந்தார்.

"என்ன வந்தது?"

"சைக்கிள்."

"நான் சொன்னனான்தானே! எல்லாம் பிழையில்லாமல் சொன்னனீரோ?"

"முதல் பாதி."

அவருடைய முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

திரும்பக் கூப்பிட்டார்கள். தேறிவிட்டேன் என்றார் ஆசிரியை. உயர்ந்த புள்ளி இல்லை. இலக்கணம் மோசம் என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் நீங்கள் பேசக்கூடிய ஆள், இலக்கணத்தைத் திருத்தலாம், இனிமேல் உங்கள் கதையை நீங்களே சொல்லுங்கள், சொன்ன பிறகு யாரையாவது திருத்தச் சொல்லுங்கள் என்றார். திருத்துவதற்கு வெளியே வாங்கில் ஒருவர் தயாராக இருக்கிறார் என்று நான் சொன்னேன்.

வீட்டுக்குப் போகும் வழியில்தான் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தத் திறப்பை ஏதோ பழைய சூட்கேஸ் திறப்பு என்று நினைத்து, எறிந்துவிடும் என்று எத்தனையோ தரம் சொன்னவர் அவர். வாங்கிப் பார்த்தார். கொத்தோடு தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் நான் அந்தந்த நாள் நடந்ததை ஆங்கிலத்தில் சொல்வேன். நான் சொல்லி முடியும்வரை பொறுத்திருந்து பிறகு திருத்துவார். பொறுத்திருப்பது அவருக்கு எவ்வளவு பாடு என்று எனக்குத்தான் தெரியும்.

ஆகஸ்டில் வகுப்புத் தொடங்க முதல் ஒரு சனிக்கிழமை கணவர் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நீலநிற லேடீஸ் சைக்கிள். கை பிரேக் உள்ளதாகத் தேடி அலைந்திருக்கிறார். தெருக்களில் விட்டுப்போன சைக்கிள்களைப் பொலிஸார் சேர்த்து வைத்து, சொந்தக்காரர் வராவிட்டால் ஏலத்தில் விடுவார்களாம். அதில் எடுத்தது. பின்சில்லில் பழைய பூட்டை வெட்டி எடுத்த கீறல் தெரிந்தது. புதுப் பூட்டுப் போட்டு, அதன் திறப்பை என் பழைய திறப்போடு அதே வளையத்தில் கோத்துத் தந்தார்.

அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்த்தேன். யாரோ ஒருத்தி இதைப் பூட்டிவிட்டுப் போனவள், என்ன காரணமோ, திரும்பி வரவில்லை. அவளுக்குத் தெரியாமலே அவளுடைய சைக்கிள் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகப்போகிறது. அதுவரை என் சைக்கிளை யாரும் தொட்டிருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டிருந்தேன். அன்று முதல் முறையாக அதை மாற்றி வேண்டினேன்.

ஆய்வுகூடத்தில் பல வருடம் வேலை செய்து ஓய்வும் பெற்றுவிட்டேன், அந்தத் துருப்பிடித்த திறப்பு இன்னும் என் கொத்தில் இருக்கிறது. ஆனால் உன் சைக்கிள் இப்போது எங்கே என்று யாராவது கேட்டால் இனி நான் வாயடைத்து நிற்கமாட்டேன். பூட்டை உடைத்துக்கொண்டு யாரோ ஒரு பிள்ளை அதில் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்று சொல்வேன்.