நடிப்பு என்று நினைத்தேன்

உளவியல் முதுகலைப் படிப்பில் எனக்கு அது முதல் ஆண்டு. வகுப்பில் ஒருவர் ஆலோசகராகவும் இன்னொருவர் பிரச்சினையோடு வருபவராகவும் நடித்துப் பழக வேண்டும். எனக்கு ஜோடியாக அமைந்தவர் கலா அக்கா, தொடக்கப்பள்ளி ஆசிரியை.

"மகன் இறந்து ஒரு வருஷம் ஆச்சு. வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போகப் பிடிக்கல. எம்ஆர்டி ரயில்ல கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவேன்," என்றார். நான் கற்றுக்கொண்டபடி தலையசைத்து, மெதுவாகக் கேள்விகள் கேட்டேன். விரிவுரையாளர் என்னைப் பாராட்டினார். வகுப்பே கைதட்டியது.

"சூப்பரா நடிச்சீங்க லா, அக்கா!" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வரவில்லை.

சில மாதங்கள் கழித்து தேக்கா சந்தையில் அவரைப் பார்த்தேன். ஏன் படிப்பை விட்டுவிட்டீர்கள் என்று கேட்டேன்.

"அன்னிக்குச் சொன்னது என் கதைதாம்மா. அதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. நீங்க கேட்ட விதத்துல சொல்லிட்டேன். நீங்க நடிப்புன்னதும், சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

இப்போது நான் ஆலோசகர். நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறீர்கள் என்று யாராவது சொன்னால் உடம்பு கூசுகிறது. அந்த மகனின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.