எஸ்தர் கழுத்தில் மாட்டிய கேமரா

எஸ்தர் போய்விட்டாள்.

நேற்று மதியம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என்னோடு வேலை பார்த்தவள். அவள் பேக்கிங், நான் ஸ்டோர்ஸ். லீவு கிடைத்தால் இரண்டு பேரும் தெருத்தெருவாகப் போய்ப் படம் எடுக்கிற கிறுக்குகள். என்னிடம் இருப்பது பெரிய கேமரா, பையைத் தூக்கினாலே தோள் ஒரு பக்கம் சாயும். அவளுடையது சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் கிடக்கிற குட்டி கேமரா.

காலையிலிருந்து பார்க்கிறேன். "ஒரு நல்ல கேமரா மட்டும் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்" என்று ஆளாளுக்கு அஞ்சலி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அவள் வந்து பதில் சொல்லமாட்டாள் என்ற தைரியமா? நான் சொல்வேன்.

அவளிடம் இருந்தது நல்ல கேமராதான்.

ஒருமுறை ஏரிக்கரை ஓரம் ஒரு ஊருக்குப் போனோம். நான் பையைத் திறந்து லென்ஸ் மாட்டுவதற்குள் பாதி ஊர் கூடிவிட்டது. ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நெலத்த அளக்க வந்துகிறீங்களா? கம்பெனி கட்ட எங்க நெலத்த எடுக்கப் போறாங்களாமே, மெய்தானா?"

நான் அந்த ஆள் இல்லை என்று சொன்னால் யார் கேட்டார்கள்! ஒரு அம்மா வீட்டுக்குள் ஓடிப்போய் பட்டா நகலைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். இன்னொருவர் எழுதிவைத்த மனுவோடு வந்துவிட்டார்...

எஸ்தர் கொஞ்ச தூரத்தில் நின்று, சிரித்தபடியே எங்களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளை யாருமே ஆபீசர் என்று நினைக்கவில்லை. "யாரூட்டுக்கும்மா வந்துகிற?" என்று விசாரித்துவிட்டு மோர் கொடுத்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது சொன்னாள். "ணா, உன் கேமராவ பாத்தா மனு குடுக்கறாங்க. என்னுத பாத்தா மோரு குடுக்கறாங்க. எது நல்ல கேமரான்னு நீயே சொல்லு."

அந்த வாய்க்காகவே எங்கள் போட்டோ கிளப்பில் பாதிப் பேருக்கு அவளைப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் திருவள்ளூரில் நடந்த அந்தப் போட்டி. எஸ்தர் அனுப்பியது மழைப் படம். ஷிஃப்ட் முடிந்த பெண்கள் நாலைந்து பேர் ஒரே பேக்கிங் அட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள்... ஒருத்தியின் செருப்பு பிய்ந்துபோய்க் கையில் இருக்கிறது. எல்லாருக்கும் சிரிப்பு.

நடுவர் நல்ல மனுஷர்தான். அவளுக்கும் ஒரு பரிசை அறிவித்து, படத்தைப் புகழ்ந்துவிட்டுச் சொன்னார். "ஒரு நல்ல கேமரா வாங்கிட்டீங்கன்னா எங்கேயோ போயிடுவீங்கம்மா."

"எங்க சார் போறது? எங்க ஊருக்கே இனிமே பஸ்ஸு கெடிக்கறது கஷ்டம்" என்றாள். மொத்த ஹாலும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பரிசு வாங்காமலே வந்து பஸ் ஏறினாள். ஏறியதும் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இன்று காலை அதே கிளப் சார்பில் அவள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் கணவர் சாமுவேலிடமிருந்து எனக்கு போன்.

"ணா, கொஞ்சம் வந்து பாருணா. எஸ்தர் கழுத்துல இன்னாத்தையோ மாட்டி வச்சிக்கிறாங்க. பொண்ணு அத்த பாத்துட்டு உள்ள போய் கதவ சாத்திக்கினா."

போய்ப் பார்த்தேன். ஏதோ கல்யாணத்தில் எடுத்த அவள் முகம். அதற்குக் கீழே நெட்டில் இறக்கிய ராட்சச கேமரா ஒன்று, நீள லென்ஸும் பட்டையுமாக, கழுத்தில் தொங்குகிறது. என்னுடையதைவிடப் பெரியது!

கிளப் ஆளிடம் கேட்டேன். "ஒரு மரியாதைக்குத்தான் சார். அந்தக் குட்டி கேமராவ போட்டா பாக்கறவன் இன்னா நெனப்பான்?" என்றார்.

உயிரோடு இருந்தவரை அவள் கழுத்தில் மாட்ட முடியாததைச் செத்த மறுநாளே மாட்டிவிட்டார்கள். அதற்கு மரியாதை என்று பேர் வேறு.

அந்த பிளக்ஸை நானும் சாமுவேலும்தான் அவிழ்த்தோம். யார் அவிழ்த்தது என்று கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் விசாரணை நடக்கிறதாம். நான்தான். நீக்குவதென்றால் தாராளமாக நீக்குங்கள்.

வேறு படம் கொடுக்கலாம் என்று என் கம்ப்யூட்டரில் தேடினேன். இத்தனை வருஷத்தில் எஸ்தரின் முழு முகம் ஒன்றுகூட என்னிடம் இல்லை... நான் அவளைப் பார்த்துக் கேமராவைத் தூக்கினால், அவளும் என்னைப் பார்த்துத் தூக்குவாள். எல்லாப் படத்திலும் கண்ணை மறைத்துக்கொண்டு அந்தக் குட்டி கேமரா. கீழே பல் தெரியச் சிரிப்பு.

அதில் ஒன்றைத்தான் பஜாரில் பிளக்ஸ் அடிக்கிற கடைக்கு எடுத்துப் போனோம்.

"சார், மூஞ்சியே முழுசா தெரியலியே. வேற போட்டோ இல்லியா?" என்றார் கடைக்காரர்.

சாமுவேல் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்களுக்குத் தெரியுது. நீ போடுப்பா."

இப்போது தெருமுனையில் அதுதான் இருக்கிறது. மாலை சர்ச்சில் ஜெபம், அதன் பிறகு அடக்கம். எந்தக் கேமராவோடு வேண்டுமானாலும் வாருங்கள்... அவள் பெண்ணை மறைத்துக்கொண்டு மட்டும் யாரும் நிற்காதீர்கள்.

போய் வா, எஸ்தர்.