இழைக்காத பக்கம்

விஜிலாவின் இடது உள்ளங்கையில் ஒரு தழும்பு உண்டு. ஏழு வயதில், ஊர் சர்ச்சில் ஜெபம் முடிந்து எழும்போது பிடித்த தேக்குக் கிராதி ஏற்றிய மரச்சிலாம்பு விட்டுப்போனது அது. சர்ச்சைக் குறுக்கே மறிக்கும் அந்த மரத்தடுப்புக்கு முன்னால் பெரிய சாதி. பின்னால் விஜிலாவின் தெரு. யார் கேட்டாலும் ஒரே பதில்: "நாங்களா வச்சோம்? சபையை உண்டாக்குன வெள்ளைக்கார ஐயர் வச்சது." செத்த மனுஷன் வந்து மறுக்கவா போகிறார்?

போன வருஷம் அவள் அம்மா ஜீவமணியின் சவப்பெட்டியையும் கிராதிக்குப் பின்னால்தான் இறக்கினார்கள். அந்த வாரமே கிராதியை எடுக்கச் சொல்லி சபைச் செயலர் டேவிட்சனிடம் போய் நின்றாள். அவர் இளக்காரமாகச் சிரித்து, எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்: ஐயர் காலத்தது இல்லை என்று நிரூபித்தால் எடுத்துவிடுகிறோம். அவள் மர ஆய்வுக்கூடத்துக்காரி என்பது அவர் நினைவில் இல்லை.

துளைக்கருவியோடு வந்தவளிடம், "இங்கன போடு ஏளா, முன்பக்கம் பளபளன்னு இருக்கு" என்றார்.

"பளபளப்பு எனக்கு வேண்டாம், அண்ணாச்சி."

மரம் வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். மழை பொய்த்த வருஷம் ஒடுக்கமாக. வருஷம் தெரிந்த மலைத்தேக்கின் வளையங்களோடு பொருத்தினால் காலம் தெரியும். வெட்டிய வருஷமே வேண்டுமென்றால் பட்டையை ஒட்டிய கடைசி வளையம் வேண்டும். முன்பக்கம் அதை இழைத்தே தள்ளியிருந்தார்கள். பின்பக்கம், அவள் தெருவைப் பார்த்த பக்கம், கீழ்க்கட்டையில் பட்டை அப்படியே இருந்தது. இவர்களுக்கு எதற்கு இழைப்பு என்று விட்டிருக்கிறார்கள்.

தன் முடிவை நம்பமாட்டார்கள் என்று தெரிந்து, ஊர்ப் பெயர் போடாமல் வேறொரு ஆய்வகத்துக்கும் துண்டு அனுப்பினாள். இரண்டு இடத்திலும் ஒரே விடை: மரம் வெட்டியது 1937. ஐயர் கல்லறையில் பொறித்திருக்கும் இறந்த வருஷம் 1861.

"உயிர்த்தெழ ஆண்டவருக்கே மூணு நாள்தான். உங்க ஐயருக்கு எழுபத்தாறு வருஷமா, அண்ணாச்சி?"

கமிட்டி அறையில் எல்லார் முன்னாலும் டேவிட்சன் முகம் கறுத்தது. "ஐயர் வச்சா என்னளா, எங்க தாத்தா வச்சா என்ன?"

தாத்தா வைத்தது என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. அவருக்கு முன்பே தெரியும். விஜிலா அவர் கையெழுத்திட்ட தாளை மேசையில் விரித்தாள்.

சனிக்கிழமை கிராதியைக் கழற்றினார்கள்; விஜிலா அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். ஞாயிற்றுக்கிழமை முன்பெஞ்சுகள் காலி. பெரிய சாதி தனிக் கொட்டகை போட்டு ஆராதனை வைத்துக்கொண்டது. விஜிலா முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

திங்கட்கிழமை டேவிட்சனே வீடு தேடி வந்தார். "கிராதி எங்க குடும்பச் சொத்து. திருப்பித் தா."

"அது சாட்சி, தரமாட்டேன். கொட்டகைக்குப் புதுசா ஒண்ணு செஞ்சுக்கிடுங்க. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் இழைக்கச் சொல்லுங்க, அண்ணாச்சி."