மூன்று பத்துக்கு வரும் படம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. பிரிசில்லா இன்னும் கடலூர் முதுநகரில்தான் இருக்கிறாள். சந்தேகம் இருப்பவர்கள் நேரில் போய்க் கேட்கலாம். சாப்பாட்டு வேளையில் மட்டும் கேட்காதீர்கள்.

சிதம்பரம் வடக்கு வீதியில் ஒரு மாடி அலுவலகம். சுற்றுவட்டார ஸ்கேன் சென்டர்களில் எடுக்கும் படங்கள் அங்கிருக்கும் சர்வர் வழியாகக் கடலூர் டாக்டர் காயத்ரிக்குப் போகும். அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் நோயாளியை எங்கே கொண்டுபோவது என்று முடிவாகும். முதலாளி அன்பரசு எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர். அலுவலகத்தின் பழைய கக்கூஸைச் சிமென்டால் மூடி, அதன் மேலேயே சர்வரை வைத்திருந்தார். மழை பெய்தால் பழைய வாடை எட்டிப் பார்க்கும். கேட்டால், "அதான் ஏசி போட்டாச்சுல்ல?" என்பார்.

அந்த ஒரே சர்வருக்குள் எட்டு மெஷின்கள் ஓடின. எட்டும் மென்பொருளில் மட்டும் உள்ளவை. ஒரு வீட்டுக்குள் எட்டு ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊருக்கு ஒரு மெஷின். ஆனால் ஊர்ப்பெயர் வைக்க அன்பரசு விடமாட்டார், வெறும் நம்பர்தான். ஊர் தெரிந்தால் வேலைக்கு வந்தவர்கள் சென்டர்காரர்களைத் தனியாக வளைத்துப் போட்டுவிடுவார்களாம். எந்த மெஷினிலிருந்து யாருக்கு எவ்வளவு டேட்டா போகிறது என்று கவனிப்பது பிரிசில்லாவின் வேலை. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

2025 ஜூலை 10, வியாழக்கிழமை. காலையில் அன்பரசு அவள் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"குமராட்சி சென்டர் மூடி ஒரு மாசம் ஆவுது. எட்டாம் நம்பரு. அதுலேர்ந்து தெனம் மூணு பத்துக்கு டாக்டருக்குப் பாதிப் படம் போவுதாம். பாஸ்வேர்டு உங்கிட்டதான இருக்கு?"

"நான் அனுப்பல சார்."

"அப்ப யாருன்னு சாயந்திரத்துக்குள்ள சொல்லு. இல்லன்னா போலீசுதான்."

அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பினால் வேறெங்கும் வேலை கிடைக்காது. அந்த ஆத்திரத்தோடு திரை முன்னால் உட்கார்ந்தாள். மூன்று மணிக்கு மேல்தான் டப்பாவைத் திறந்தாள். நெத்திலிக் குழம்பு. வலது கையில் சோறு, இடது கையில் கீபோர்டு. அது அவள் பழக்கம்.

3:10. எட்டாம் வரிசை அசைந்தது.

பட்டியலைப் பார்த்தாள். எட்டு... நிறுத்தப்பட்டுள்ளது. நிறுத்திய மெஷினிலிருந்து ஒரு துளிகூட வர முடியாது. ஆனால் வந்துகொண்டிருந்தது. மெல்ல... மிக மெல்ல.

3:14. நாற்றம்.

முதலில் குழம்பைத்தான் முகர்ந்தாள். குழம்பு நன்றாக இருந்தது. எலி செத்திருக்கும் என்று சர்வர் அறையைத் திறந்தாள். எலி இல்லை. சிமென்ட் காய்ந்து கிடந்தது. இடது கையால் கேபிளைத் தொட்டாள். ஈரம். விரல்களில் மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டியது. துப்பட்டாவில் துடைத்தாள். போகவில்லை.

3:22. வந்தவரைக்கும் சேர்த்துப் படமாகத் திறந்தாள். மேலிருந்து வரிவரியாக இறங்கியது. ஒரு பெண்ணின் வயிறு. ஓரத்தில் எழுத்து.

ராசம்மாள், 44, குமராட்சி. எடுத்தது: இன்று, 15:10.

டாக்டர் காயத்ரிக்கு போன் செய்து, முன்பு வந்த பாதிப் படங்களையும் கேட்டாள். முப்பது வந்தன. வரிசையாகத் திறந்தாள்.

முதல் நாள், சாதாரண வயிறு.

நான்காம் நாள், உப்பியிருந்தது.

ஒன்பதாம் நாள், வெடித்திருந்தது.

அதற்குப் பிறகு... குடல் இருந்த இடத்தில் அரிசி அரிசியாக...

டப்பாவிலிருந்த சோற்றைப் பார்த்தாள். அப்படியே குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தாள்.

3:41. டேட்டா நின்றது.

குமராட்சியில் படம் எடுத்துக்கொண்டிருந்த தட்சிணாமூர்த்தியைப் போனில் பிடித்தாள்.

"ராசம்மாளா? டிராக்டரு இடிச்சி வயித்துக்குள்ள ரத்தம்மா. ஜூன் ஒம்போது, மூணு பத்துக்குப் படம் எடுத்து அனுப்பினோம். போவவே இல்ல. ஊர்ந்துகினே கெடந்துச்சி. மூணு நாப்பத்தொண்ணுக்கு உசுரு போயிடுச்சி. கொள்ளிடக் கரையில பொதைச்சாங்க. அதோட சென்டர மூடிட்டோம்."

ஏன் ஊர்ந்தது? தேடினாள். எட்டாம் நம்பருக்கு மட்டும் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். அன்பரசு வேலைதான்! அந்த ஆள் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆதாரத்துக்காக சர்வரின் பதிவைத் திறந்தாள்.

ஜூன் 9. 14:52.

செய்தவர்: பிரிசில்லா.

அது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். உள்ளே இருந்து அன்பரசு குரல் கொடுத்தார்: "மேட்ச் நின்னு நின்னு வருதும்மா. எட்டாம் நம்பருக்குப் போற நெட்ட கொஞ்சம் சுருக்கு." அதுவும் பழைய மேட்ச். எட்டு எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. வலது கையில் சோறு இருந்தது. இடது கையால் ஒரே ஒரு வரி அடித்தாள். மறந்துபோனாள்.

அவர் அறைக்குப் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"சுருக்கினது நான்தான் சார்."

அன்பரசு பல் குத்திக்கொண்டே கேட்டார். "அட, இதுதானா? யாருக்குத் தெரியப்போவுது. அத எடுத்து உட்டுட்டு வேலையப் பாரு."

வேலை தப்பியது. அவரைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. தன்னை நினைக்க அதைவிட அருவருப்பாக இருந்தது. வேகத்தைப் பழையபடி திறந்துவிட்டாள்.

மறுநாள். 3:10.

எட்டு... நிறுத்தப்பட்டுத்தான் இருந்தது.

படம் வந்தது. ஒரே நொடியில். முழுசாக.

டாக்டருக்கு அல்ல. போய்ச் சேரும் இடத்தில் பிரிசில்லாவின் கம்ப்யூட்டர் முகவரி இருந்தது.

அன்றே வேலையை விட்டுவிட்டாள். இப்போது கடலூரிலேயே ஒரு துணிக்கடையில் இருக்கிறாள். கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை, மதியம் சாப்பிடுவதும் இல்லை. தினமும் 3:10 ஆனால் கை நாறுகிறது என்கிறாள். சோப்பு, புளி, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள். நாற்றம் சரியாக 3:41 வரைக்கும்.

இடது கை மட்டும்.