நன்றியுரைக்குள் வந்து குவிந்தவர்கள்

புங்குடுதீவுக் கிணறுகளின் உப்பைப் பற்றி முதுமாணி ஆய்வேடு எழுதப் போன எனக்கு உப்பு ஒரு தொல்லையும் தரவில்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, பின்னேரம், ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடக்கும் வீட்டு வளவுகளுக்குள் போய் வாளி விட்டுத் தண்ணீர் அள்ளி, போத்தலில் அடைத்து, பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போவேன். அது சுகமான வேலை. என் உயிரை எடுத்தது அதை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்த விதம்தான்.

என் மேற்பார்வையாளர் வெளிநாட்டில் படித்து வந்த பெண்மணி. நான் வழக்கமான முறையில் தட்டச்சிட்டுக் கொண்டு போன முதல் அத்தியாயத்தை அவர் கையால்கூடத் தொடவில்லை.

"சமன்பாடு எல்லாம் ஒரு பக்கம், எண் எல்லாம் ஒரு பக்கம். இதை என்னால வாசிக்க ஏலாது. லாடெக் எண்ட மென்பொருளில செய்து கொண்டு வாரும். இணையத்திலயே செய்யலாம், ஒரு கிழமையில பழகிடுவீர்."

ஒரு கிழமையாம்! அந்த இணையத்தளத்தில் திரை இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் நாங்கள் எழுத்தையும் கட்டளைகளையும் கலந்து எழுத வேண்டும். பச்சைப் பொத்தானை அழுத்தினால் வலப்பக்கம் அது அழகான அச்சுப் பக்கமாக வரும் என்பார்கள். எனக்கு வந்தது சிவப்புச் சிவப்பாகப் பிழை அறிவித்தல்கள்தான். எழுத்தைப் பெரிதாக்கு என்று ஒரு கட்டளை கொடுத்து, திறந்த நெளிவு அடைப்புக்குறியை மூட மறந்துவிட்டேன். அந்த இடத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லா எழுத்தும் கடைப்பெயர்ப்பலகை அளவுக்கு வீங்கிப் போய்விட்டது. படலையைத் திறந்துபோட்டுவிட்டு மாடு வந்துவிட்டதே என்று அழுவதுபோலத்தான் என் நிலைமை.

வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் ஒரே இடம் குசினி யன்னல். அங்கே கதிரையைப் போட்டு, தேங்காய் துருவும் அம்மாவுக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு இருப்பேன். அம்மா அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்.

"ஏன் பிள்ளை, சும்மா எழுதினா அவைக்கு விளங்காதோ?"

"விளங்காதாம் அம்மா."

"படிச்ச ஆக்கள்தானே," என்று சொல்லிவிட்டுத் துருவலைத் தொடர்வார்.

மூன்றாம் அத்தியாயம் பிழையில்லாமல் பக்கமானபோது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. உடனே அனுப்பி வைத்தேன். மறுநாள் மேற்பார்வையாளர் அழைத்தார்.

"உம்மட கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமோ, இல்லையோ? நீர் அதைச் சொல்லவே இல்லையே."

பார்த்தால், சதவீதக் குறிக்குப் பின்னால் வரும் எதையும் அந்த மென்பொருள் கணக்கில் எடுக்காதாம். முன்னால் ஒரு சரிவுக்கோடு போட்டிருக்க வேண்டும். வெயிலில் அலைந்து கண்டுபிடித்த முடிவு முழுவதையும் ஒரு குறி சத்தமில்லாமல் விழுங்கியிருந்தது. பாவி!

இப்படியே தவணை கேட்டுக் கேட்டுக் கடைசித் தவணையும் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஆய்வேடு போய்ச் சேராவிட்டால் என் பதிவு ரத்து. பிறகு எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்கு என்னிடம் தெம்பு இருக்கவில்லை.

வியாழன் பின்னேரம் எல்லாம் முடிந்து நன்றியுரை மட்டும் மிஞ்சியிருந்தது. இரண்டு பந்தி எழுதினேன். முதலாவதில் மேற்பார்வையாளரும் பல்கலைக்கழகமும். இரண்டாவது ஒரேயொரு வரி: குசினியை எனக்குத் தந்த என் அம்மாவுக்கு. ஆங்கிலம் சரியா என்று பார்க்கும்படி கனடாவில் இருக்கும் அக்காவுக்கு, ஆவணத்தைத் திருத்தக்கூடிய இணைப்பை அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இணைப்பைத் தூக்கிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கலியாணமோ செத்தவீடோ, ஒரு அறிவித்தல் அடித்தால் அதில் ஒரு குடும்பமும் விடுபடக் கூடாது. விட்டால் அந்தக் கோபம் பேரப்பிள்ளைகள் காலம் வரை போகும். நன்றியுரை என்ற தலைப்பையும் கீழே வெற்றிடத்தையும் கண்டவர்கள், அதையும் ஒரு அறிவித்தல் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளி காலையில் திறந்தேன். நன்றியுரை பல பக்கங்களுக்கு நீண்டிருந்தது. ஒவ்வொருவரும் தட்டும் இடத்தைக் காட்டும் நிறம் நிறமான சுட்டிகள் அதற்குள் எறும்பாக ஊர்ந்துகொண்டிருந்தன. சுவிஸ் பெரியப்பா குடும்பம் தங்களைத் தடித்த எழுத்தில் முதலில் போட்டிருந்தது. பாரிஸ் சின்னம்மா தன் குடும்பத்தைத் தமிழில் தட்டியிருந்தார். நான் பழகிய அமைப்பில் தமிழ் எழுத்து அச்சுப் பக்கத்தில் வராது. சின்னம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? சுவிஸ்காரர்தான் பழைய காணிச் சண்டையை மனதில் வைத்துத் தன் பெயரை அழிக்கிறார்கள் என்று முடிவு கட்டி, திரும்பத் திரும்பத் தட்டியிருக்கிறார். பிறகு கோபத்தில் சுவிஸ்காரரை உண்மையாகவே அழித்தும் இருக்கிறார்.

இது போதாதென்று, காலமாகிவிட்ட அந்தச் சுவிஸ் பெரியப்பாவின் படத்தையும் யாரோ ஏற்றியிருந்தார்கள். எந்த இடத்தில் கை பட்டதோ, வேட்டி சால்வையோடு விறைத்து நின்ற பெரியப்பா நாலாம் அத்தியாயத்துக்குள் போய் இறங்கியிருந்தார். அவருக்குக் கீழே, கிணற்றுப் படத்துக்கு நான் எழுதியிருந்த விளக்கம் இருந்தது: பாவனையில் இல்லாத கிணறு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அக்காவை அழைத்தேன்.

"எல்லாரையும் உடன வெளியில வரச் சொல்லுங்கோ."

"எப்பிடியடி சொல்லுறது? சின்னம்மா மூஞ்சையைத் தூக்குவா."

சொல்ல வேண்டாம் என்று நானே இணைப்பை மூடினேன். சுட்டிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நல்லகாலம், அந்தத் தளம் பழைய பிரதியை வைத்திருந்தது. வியாழக்கிழமைப் பிரதியை மீட்டு, பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஒரு சிவப்பும் இல்லை. மூச்சு விடுவதற்குள் பாரிஸிலிருந்து அழைப்பு.

"பிள்ளை, எங்களை முழுசா எடுத்துப்போட்டீரோ?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சின்னம்மா, இது செத்தவீட்டு நோட்டீஸ் இல்லை! என்ர ஆராய்ச்சி! நாலு மணிக்குக் குடுக்காட்டி என்ர படிப்புப் போச்சு!"

சின்னம்மா மெல்லக் கேட்டார். "அது சரி பிள்ளை. எங்கட வளவுக் கிணறும் அதுக்குள்ள இருக்கெல்லோ?"

இருந்தது. பெரியப்பாவின் கிணறும் இருந்தது. நான் வாளி விட்ட கிணறுகள் எல்லாம் இவர்களுடையவைதான். ஒருவரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. படலைப் பூட்டின் திறப்பு எந்த வீட்டில் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

குழம்பிய பிரதியைத் திரும்பத் திறந்து, அவர்கள் எழுதியவற்றை அள்ளினேன். பாரிஸ் குடும்பத்தை ஆங்கில எழுத்துக்கு மாற்றினேன். சண்டை வராமல் எல்லோரையும் அகர வரிசையில் அடுக்கினேன். அழிபட்ட சுவிஸ்காரரையும் சேர்த்து, எல்லாவற்றையும் இரண்டாம் பந்தியில் ஒட்டி, நாலு மணிக்குச் சற்று முன் அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்ததும் மடிக்கணினியை மூடினேன்.

அந்தப் பக்கத்தை மட்டும் குடும்பக் குழுவில் போட்டேன். பாரிஸிலிருந்தும் சுவிஸிலிருந்தும் ஒரே நேரத்தில் பூங்கொத்துப் படங்கள் வந்தன. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைபேசியை வாங்கினார். அவருக்கு ஆங்கிலத்தில் பெயர்களை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். மேலிருந்து கீழே விரலை வைத்து, ஒவ்வொருவராக உதட்டை அசைத்து வாசித்து முடித்தார். திரும்பவும் மேலே போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெயர்களை நான் ஒட்டியது அம்மாவுக்கென்று எழுதிய அந்த ஒரு வரியின் மேல்; அது அழிந்துபோயிருந்தது.

"அம்மா, அவசரத்தில..." என்று தொடங்கினேன்.

"அதுக்கென்ன," என்றார் அம்மா, கைபேசியைத் திருப்பித் தந்தபடி. "பேர் போடுறது தூரத்தில இருக்கிற ஆக்களுக்கெல்லோ. நான் இஞ்சைதானே நிக்கிறன்."