சில்வர் ஓக் மேசை

வீட்டுக்குப் பின்னால் நின்ற சில்வர் ஓக், கூரைப் பக்கம் சாய்ந்துவிட்டது. அனுமதி வாங்கி வெட்டினோம். அடிமரம் நீளமாகக் கீழே கிடந்ததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு படபடத்தது. பயமில்லை, சந்தோஷம். எனக்கு ஒரு மேசை கிடைக்கப்போகிறது.

நீலகிரி மஞ்சூரில் வீட்டிலேயே ஜாக்கெட், பாவாடை தைக்கிறேன். இத்தனை வருஷமும் தரையில் குந்தித்தான் துணி வெட்டினேன். முட்டி வலிக்கு ஊசி போட்ட டாக்டர், இனிமேலும் கீழே உட்கார்ந்தால் தையலையே விட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். நின்றபடி வெட்ட நீளமான மேசை வேண்டும். கடையில் இருப்பதெல்லாம் குட்டை.

என் வீட்டுக்காரர் அப்படி நினைக்கவில்லை. சில்வர் ஓக் என்றால் எங்கள் பக்கத்தில் சரக்குப் பெட்டி அடிக்கிற பலகைதான். மரம் அறுக்கும் மில்லில் போட்டுவிடலாம் என்றார். நான் விடாமல் கேட்கவே, "சரி, மில்லுல நீயே சொல்லிக்க" என்றார். வெளியாளிடம் நான் வாய் திறக்க மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

மரத்தை ஏற்றிய லாரியில் நானும் ஏறிக்கொண்டேன். மில்லில் ரம்பம் ஓடிய சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. மில்காரர் யாரையும் விசாரிக்கவில்லை. வழக்கம் போலப் பெட்டி அளவுக்கு மரத்தின் மேல் சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு கோட்டுக்கும் என் மேசை துண்டு துண்டாகிக்கொண்டிருந்தது. இரண்டு முறை கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மரத்தை உருட்ட ஆட்கள் வந்தார்கள்.

நான் போய் மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ரம்பத்தை நிறுத்தினார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"ஏனுங்கக்கா, என்னாச்சு?" என்றார் மில்காரர்.

"குறுக்க வெட்டாதீங்க. நீளவாக்குல பலகை வேணும். மேசை செய்யோணும்."

"இத்தன நீளத்துக்கா? கல்யாணப் பந்தி போடப் போறீங்களா?"

ஆட்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

"பந்தி இல்லீங்க. துணி வெட்டோணும்" என்றேன். எழுந்திருக்கவில்லை.

அவர் கோடுகளைக் கையால் அழித்த பிறகுதான் எழுந்தேன்.

ரம்பம் நீளவாக்கில் ஓடியது. நடுப்பலகை சரிந்து விழுந்ததும் ஓடிப்போய் முந்தானையால் தூளைத் துடைத்தேன். இளஞ்சிவப்புப் பலகை முழுக்க, பட்டில் நெய்த புட்டா மாதிரி மினுமினுவென்று பூக்கள். இதையா இத்தனை நாளாக ஆணி அடித்துப் பெட்டியாக்கிக்கொண்டிருந்தோம்? மில்காரரும் குனிந்து தடவிப் பார்த்தார்.

பலகை காய்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. தினமும் தொட்டுப் பார்ப்பேன். மில்லிலிருந்து மூட்டை கட்டி வந்த மரத்தூளை, காளான் வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் அள்ளிக்கொண்டு போனார். பட்டையிலும் கிளையிலும் குளிக்க வெந்நீர் காய்ந்தது. மீதித் துண்டுகளில் ஆசாரி சப்பாத்திக் கட்டை, முக்காலி, ஜாக்கெட் மாட்ட ஹேங்கர் எல்லாம் செய்து கொடுத்தார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மரம்தான்.

பலகை காய்ந்து மேசை வந்த அன்றே பாவாடைத் துணியை மடிக்காமல் முழுசாக விரித்தேன். ஒரு முனைகூடக் கீழே தொங்கவில்லை. நின்றபடியே கத்தரியை ஓட்டினேன். முட்டி ஒன்றும் சொல்லவில்லை. சுற்றிச் சுற்றி வந்து வெட்டினேன்.

வீட்டுக்காரர் தன் டீ டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தார்.

"அத எடுங்க" என்றேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அவர் டம்ளரை எடுத்துக்கொண்டு முக்காலிக்குப் போனார்.