வாத்தியார் மகன் சேகர்

பி.ஏ. முடித்த கையோடு, நானும் என் குப்பத்து நண்பன் சேகரும் கப்பலேறிக் கொழும்பைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறோம். அறையிலேயே சமைத்தால் செலவு மிச்சமென்று மீன் சந்தையில் நிற்கிறோம். பழக்கதோஷம், ஒரு பாரையின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிடுகிறேன்.

“தம்பியவை கடல் தொழிலோ?” என்கிறார் மீன்காரர்.

“பழவேற்காட்டு ஏரிங்க. எங்க நைனா வலை போடுறாரு” என்கிறேன்.

சேகர் முந்திக்கொள்கிறான். “இவன் வூட்லதாங்க. எங்க நைனா வாத்தியாரு.”

அவன் நைனாவும் என் நைனாவும் ஒரே படகில் வலை இழுக்கிறவர்கள்.

“மாஸ்டரின்ர மகனோ? இருங்கோ.” மீன்காரர் முக்காலியைத் துடைத்துப் போடுகிறார். சேகர் உட்காருகிறான்.

“இன்னாடா இது?” என்று அவன் காதருகில் கேட்கிறேன்.

“சும்மா இரு மச்சான். இங்க யாருக்குத் தெரியப்போவுது?”

மீன்காரர் பாரையைக் கட்டி என் கையில் கொடுக்கிறார். சேகர் வெறுங்கையோடு முன்னால் நடக்கிறான்.